பாதி ஓரம் தைத்த பதாகை

பொன்விழாவுக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது, இளைஞர் இயக்கத்தின் இப்போதைய செயலாளர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண். வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல், கையில் ஒரு துணிமூட்டையோடு வந்திருந்தாள்.

"தோழர், உங்களுக்கு ஒரு புதையல் கொண்டு வந்திருக்கேன்," என்று மூட்டையைத் தரையில் விரித்தாள்.

சிவப்புப் பதாகை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அலுவலகப் பரணில் எலிகளோடு குடித்தனம் நடத்திய வாசனை. இயக்கத்தின் பெயர் மட்டும் இன்னும் பளிச்சென்று இருந்தது. கீழ் ஓரம் எறும்பு வரிசைபோல நெருக்கமான தையலில் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அந்த வரிசை நடுவில் ஓர் இடத்தில் திடீரென்று நின்றுவிட்டது. அதற்கப்பால் துணி பிசிறடித்துக் கிடந்தது.

நாற்காலியில் இருந்த பெரியவர் அதைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"கண்காட்சியில முதல்ல இதைத்தான் மாட்டப்போறோம்," என்று நர்ஸ் அவருடைய மனைவி பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க கைதேர்ந்த தையல்காரின்னு சொன்னாங்க. மீதி ஓரத்தையும் அடிச்சுக் குடுத்தீங்கன்னா அழகா தொங்கும். ஆமா, இவ்வளவு நல்ல தையலைப் பாதியில விட்டுட்டுப் போனது யாரு?"

மனைவி தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"மழை," என்றார் பெரியவர். "அன்னிக்கு நல்ல மழைம்மா."

மழை பெய்தது உண்மைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க, அந்த மழைதான் அவருக்கு இத்தனை காலமும் சோறாக இருந்தது.

"வெச்சுட்டுப் போம்மா," என்றாள் மனைவி. தைத்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் பெரியவர் ஒருவருக்கு மட்டும்தான் உறைத்தது.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெற்ற தாயே கடைசிக் காலத்தில் "ஹலோ வந்துட்டானா?" என்றுதான் கேட்டாளாம். மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். விடிந்தால் அடைந்தால் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? இயக்கத்தில் சேர்ந்த பிறகு வாலில் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டது. ஹலோ தோழர்.

அவருடைய கூம்புக் குழாய்களின் சத்தத்தைப் பற்றிப் பல கதைகள் உண்டு. அடுத்த தெருவில் அடைகாத்த கோழி பயத்தில் ஒரு வாரம் முன்னதாகவே குஞ்சு பொரித்துவிட்டது என்பார்கள். பிறவியிலேயே காது கேட்காத ஒருவர் ஜன்னலைத் திறந்து "கொஞ்சம் மெதுவாய்யா" என்று கத்தினாராம். இதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்பது அவரவர் இஷ்டம்.

தொழிலில் மனிதர் சூரர். மேடையருகே ஒரு குழாய் கட்டினால், மார்க்கெட்டின் அந்தக் கோடியிலும் பேருந்து நிலையத்திலும் வேறு குழாய்கள் கட்டுவார். தூரத்துக் குழாயின் சத்தம் சற்றுத் தாமதமாகத் திரும்பி வரும். புதுப் பேச்சாளர்கள் தங்கள் குரலே தங்களைத் துரத்துவதைக் கேட்டுத் திணறிப்போவார்கள். ஹலோ அவர்களைத் தனியே அழைத்துப்போய்ப் பாடம் நடத்துவார்.

"தோழர், ஒரு வாக்கியம் சொல்லுங்க. நிறுத்துங்க. அது போய்ட்டுத் திரும்பி வரட்டும். லேசா செருமிக்கிட்டு அடுத்ததை எடுங்க. இல்லன்னா உங்க வார்த்தையே உங்க வார்த்தையை மிதிச்சிடும்."

அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்தது. "பசிக்குது" என்பார். நிறுத்துவார். செருமுவார். "சாப்பாடு வை" என்பார். "குழாயையெல்லாம் கழட்டி வெச்சுட்டு உள்ள வாங்க," என்பாள் மனைவி.

இயக்கம் பிறந்ததே அவர் அப்போது தொழில் பழகிக்கொண்டிருந்த ரேடியோ ரிப்பேர் கடையின் பின்னறையில்தான். அந்தக் காலத்தில் பட்டறைகளில் வேலை பழகும் பையன்களுக்கு உட்கார இடம் கிடையாது. முதலாளி வீட்டுத் துணி துவைப்பது, அவருடைய நாயைக் குளிப்பாட்டுவது எல்லாம் பாடத்திட்டத்தில் சேர்த்தி. கல்லூரி வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருந்த ஓர் இளைஞர் இந்தப் பையன்களைத் திரட்டினார். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளப்பதுபோலப் பேசுவார். அவர்தான் முதல் செயலாளர். முதல் போராட்டம் நாற்காலிக்காக. ஊரிலுள்ள பட்டறைப் பையன்கள் எல்லோரும் ஒரே நாளில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலி வாங்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகு மாலை வகுப்பு, படிப்பகம், ஊர்வலம் என்று இயக்கம் வெயில் கண்ட கொடியாகப் படர்ந்தது.

அவருடைய மனைவி ரெடிமேட் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். கல்யாணமான புதிதில், இவர் பெரிய புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போவார். அவள் அதை எடுத்துப் படித்து முடித்துவிட்டு அதே பக்கத்தில் விரித்து மடியில் திரும்ப வைத்துவிடுவாள். கேட்டால், "நீங்க தூங்கறப்ப அது விழுந்துடக் கூடாதுன்னு பிடிச்சுக்கிட்டு இருந்தேன்," என்பாள்.

பிறகு ஒரு வருடம் அரசாங்கம் இயக்கத்தைத் தடை செய்தது. துண்டறிக்கை அடிக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் ஹலோவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் பின்னாலேயே மோப்பம் பிடித்துக்கொண்டு போலீசும் வந்தது. ஜீப் சத்தம் கேட்டதும் ஹலோ பரணில் ஏறி, கூம்புக் குழாய்களுக்குப் பின்னால் சுருண்டுவிட்டார். அவள் நிறைமாதம். மெஷின்மேல் ஒரு போர்வையைப் போட்டாள், அதன்மேல் உட்கார்ந்தாள், மடியில் காலர்களைக் குவித்துக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

"எழுந்திரும்மா, சோதனை போடணும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுந்திருக்கறதுக்கென்ன சார். எழுந்திரிச்சா இங்கேயே பொறந்துடும். கொஞ்சம் வெந்நீர் போட்டு வெச்சுக்கிட்டு எழுப்புங்க."

இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பரணில் கிணிகிணி என்று ஒரு சத்தம். ஹலோ நடுங்கிய நடுக்கத்தில் குழாய்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

"மேல என்ன?"

"எலி சார். நல்லாப் பெருத்த எலி. நாங்கதான் சோறு போட்டு வளர்க்கறோம்."

மெஷின் தப்பியது, இயக்கம் தப்பியது. பரண் விஷயத்தை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் வெளியூரில் மைக் கட்டப் போயிருந்தார் என்றே தோழர்களிடம் சொல்லிவைத்தாள். அவர் முகத்தில் கரி விழாமல் அவள் மூடிவைத்தாள். அந்த மூடியைத் திறந்து அவள் முகத்திலேயே கொட்டினார் என்பதுதான் மீதிக் கதை.

தடை நீங்கிய பிறகு செயலாளர் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். சுயவிமர்சனம். மாதக் கடைசி ஞாயிறு, மார்க்கெட்டை ஒட்டிய சைக்கிள் கடை மாடியில் எல்லோரும் கூடி, ஆளுக்கொரு குறையைத் தானே எழுந்து சொல்ல வேண்டும். குறையே இல்லை என்றால் அதற்குப் பெயர் ஆணவம், அது அதைவிடப் பெரிய குறை. ஆகவே தோழர்கள் குறைகளுக்கு அலைய ஆரம்பித்தார்கள். பேருந்து நடத்துநராக இருந்த ஒரு தோழர், சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று சனிக்கிழமை சாயங்காலமே போய் ஒரு தப்புச் செய்துவிட்டு வருவார். நல்ல கனமான குறையாகச் சொன்னவருக்குச் செயலாளரின் புருவம் லேசாக உயரும். அந்தப் புருவத்துக்காக மனிதர்கள் எதையும் சொல்வார்கள்.

மழை பெய்த அந்த ஞாயிறு விசேஷமான நாள். சாயங்காலம் மார்க்கெட்டில் பொதுக்கூட்டம், அதில் இயக்கத்தின் பெண்கள் கிளை தொடக்கம். சட்டைத் தொழிற்சாலைப் பெண்களை டீ இடைவேளைகளில் பேசிப் பேசிக் கரைத்துக் கூட்டி வந்தவள் ஹலோவின் மனைவிதான். மதியமே அவர்கள் வந்து மேடையோரம் கூரைக்கடியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் புதுப் பதாகைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஹலோ குழாய்களைக் கட்டி, சோதித்து முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மைக் நனையக் கூடாது என்று, நீளமான வயரோடு அதைச் சுயவிமர்சனம் நடக்கவிருந்த மாடி அறைக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்துக் கைக்குட்டையால் மூடினார். ஆம்ப்ளிஃபயர் கீழே பக்கத்து டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வால்வு செட், சூடாக நேரமெடுக்கும். கூட்ட நாளில் அதை அணைக்கவே மாட்டார், அது அவர் கொள்கை. சத்தத்தைக் குறைக்கும் குமிழை மட்டும் திருப்பி வைப்பார். அன்று அதை மறந்துவிட்டார். தகரக் கூரைமேல் மழை கொட்டிய கொட்டில், ஜன்னல் சாத்திய அறைக்குள் இருந்த யாருக்கும் வெளிச்சத்தம் கேட்கவில்லை.

நடத்துநரின் சனிக்கிழமைத் தப்பு முதலில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. மார்க்கெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து ஹலோவின் முறை.

"தோழர், உங்ககிட்ட ஒரு கேள்வி," என்றார் செயலாளர், சொட்டுச் சொட்டாக. "தடைக் காலத்துல உங்க வீட்டுக்குப் போலீஸ் வந்தப்ப பரண்ல யாரோ ஒளிஞ்சிருந்ததா ஒரு பேச்சு இருக்கு. அது யாரு?"

அறை முழுவதும் அவரைப் பார்த்தது. அவர் வாயிலிருந்து கடகடவென்று வந்தது.

"என் மனைவி தோழர். நான் ஊர்லயே இல்ல. அவதான் பயந்துபோய்ப் பரண்ல ஏறி ஒளிஞ்சுக்கிட்டா."

நிறைமாதக்காரி எப்படிப் பரண் ஏறினாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. புரட்சி பேசுகிற இடத்தில் இந்தச் சின்ன விஷயங்களெல்லாம் எடுபடாது.

அப்போது மழை விட்டது. பட்டென்று விட்டது. அந்த அமைதியில், மார்க்கெட்டின் அந்தக் கோடியிலிருந்து தன் குரலே திரும்பி வருவதை ஹலோ கேட்டார். "ஒளிஞ்சுக்கிட்டா." மற்றவர்கள் காதில் அது தெரு இரைச்சலோடு கலந்துபோயிருக்கும். அவருடையது தொழில்காரக் காது.

நின்றார். மேஜைமேல் இருந்த கைக்குட்டையைப் பார்த்தார். கையை நீட்டி மைக்கைக் கவிழ்த்திருக்கலாம். 'ஐயோ' என்று கத்தியிருக்கலாம். நிமிர்ந்து செயலாளரைப் பார்த்தார். புருவம் உயர்ந்திருந்தது.

ஹலோ லேசாகச் செருமிக்கொண்டார்.

"அவளுக்கு ஊசியும் அடுப்பும்தான் உலகம்," என்றார். நிறுத்தினார். அது போய்த் திரும்பி வந்தது. "பின்தங்கிய மனசு." நிறுத்தினார். வந்தது. "அவளைத் திருத்தாம விட்டது என் குறை."

டீக்கடைக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்து, "ஐயா, மொத்த மார்க்கெட்டும் கேட்டுக்கிட்டு இருக்குது!" என்றார். ஹலோ தலையில் கைவைத்துக்கொண்டு "மறந்துட்டேனே!" என்று அலறினார். எல்லோரும் நம்பினார்கள். அந்த அஜாக்கிரதையை அடுத்த மாதச் சுயவிமர்சனத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் செயலாளர்.

ஹலோ கீழே ஓடிவந்தபோது பெண்கள் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஊசியைக் கழுத்துப் பட்டியில் குத்திக்கொண்டு, பதாகையை மேடையில் மடித்து வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டன் தைக்கும் பெண் ஒருத்திதான் போகிறபோக்கில் சொன்னாள்: "ஹலோ தோழர், உங்க பெண்கள் கிளையைப் பரண்லயே திறந்து வெச்சுக்குங்க."

அன்று மாலைக் கூட்டம் நடந்தது. பாதி ஓரம் தைத்த பதாகையின் கீழே, பெண்கள் இல்லாமல்.

ஆண்டறிக்கையில் செயலாளர், "பெண்களிடையே விழிப்புணர்வு போதாமையால் கிளை தொடங்க இயலவில்லை" என்று எழுதினார். ஹலோ மற்றவர்களோடு கைதூக்கி அதை ஏகமனதாக நிறைவேற்றினார். பிறகு இயக்கம் எல்லா இயக்கங்களையும்போல இரண்டாக உடைந்தது. கொடியில் நட்சத்திரம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று உடைந்ததாக வெளியே சொல்லிக்கொண்டார்கள். இளைஞர் என்றால் முப்பது வயது வரை என்றிருந்தது முப்பத்தைந்தாயிற்று, நாற்பதாயிற்று. செயலாளருக்கு ஒவ்வொரு பிறந்தநாள் வரும்போதும் இளமையும் கூடவே நீண்டது. அவர் காலமான பிறகுதான் இயக்கத்துக்கு மறுபடியும் வயது குறைந்தது. நர்ஸும் அவளைப்போன்ற பெண்களும் தாமாக வந்து சேர்ந்தார்கள்.

வீட்டில் ஒன்றும் மாறவில்லை என்பதுதான் ஹலோவைக் கொன்றது. அவள் சமைத்தாள், பரிமாறினாள், மகளை வளர்த்தாள், சிரித்தாள்கூட. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். தெருவில் குழாய்ச் சத்தம் வந்தால் மட்டும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள். அந்தக் கொக்கி விழும் ஒலி கேட்கும்போதெல்லாம், மறந்துபோய் நடந்துவிட்டது என்றுதான் அவளும் நினைக்கிறாள் என்று தன்னைத் தேற்றிக்கொள்வார். குரல் திரும்பி வந்ததைக் கேட்ட பிறகும் பேசினார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அதோடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்றிருந்தபோதுதான் நர்ஸ் மூட்டையோடு வந்தாள்.

பதாகை தையல் மெஷின்மேல் அப்படியே கிடந்தது. ஹலோ அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நூல் கோத்துத் தரட்டுமா?"

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணு வந்து கேப்பாளே."

"கேட்டா மழைன்னு சொல்லுங்க."

அவருக்குக் காது மடல் சுட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பெரிய தியாகம் செய்கிறவர்போலச் சொன்னார்: "பொன்விழா மேடையில நான் எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். ஊரறியச் சொன்னதை ஊரறியவே மாத்திச் சொல்லிடறேன்."

"நல்லா இருக்குது," என்றாள். "அன்னிக்கும் குழாய்ல கேட்டேன். இன்னிக்கும் நான் குழாய்லதான் கேக்கணுமா? நான் என்ன கூட்டத்துக்கு வந்த சனமா?"

"அன்னிக்கு அது தெரியாம நடந்துபோச்சு. குமிழைத் திருப்ப மறந்து..."

"மறந்தீங்க. சரி. முதல்ல கடகடன்னு பேசுனீங்க. அப்புறம் மழை விட்டுச்சு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல." அவள் பதாகையை இழுத்து, தையல் நின்றிருந்த இடத்தில் விரலை வைத்தாள். "அப்புறம் ஒரு செருமல். அதுக்கப்புறம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடம் விட்டு, போய்ட்டு வர்றவரைக்கும் நின்னு பேசுனீங்க. ஒரு வார்த்தை மிதிபடல. உங்க வாய்லேர்ந்து அவ்வளவு தெளிவான பேச்சை நான் கேட்டதே இல்லைங்க. அந்தச் செருமல்லதான் ஊசியை நிறுத்துனேன்."

 இத்தனை வருடமும் ஹலோ ஒளித்துவைத்திருந்தது அவள் விரல்நுனியில் இருந்திருக்கிறது. பரணில் ஒளிந்ததைவிடக் கேவலமாக, ஒரு செருமலுக்குப் பின்னால் இத்தனை காலம் ஒளிந்திருந்தார். கிணிகிணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் அந்த எலிக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"பரண்ல ஏறுனது நான்தான்," என்றார் முணுமுணுப்பாக.

"கேக்கல."

"பரண்ல ஏறுனது நான்."

"மெஷின் ஓட்டி ஓட்டி எனக்குக் காது மந்தம். கேக்கல."

"பரண்ல ஏறி ஒளிஞ்சது நான்தான்!" என்று கத்தினார். குழாய் இல்லாமலேயே அது தெருவைத் தொட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, "என்ன ஹலோ, யாரு எங்க ஏறினது?" என்று ஒரு குரல் வந்தது.

"இப்பக் கேட்டுச்சு," என்றாள் மனைவி.

அவர் நாற்காலியில் சரிந்தார். குனிந்த தலையோடு, தனக்கே கேட்காத குரலில் சொன்னார்: "குரல் திரும்பி வந்தது தெரிஞ்சும் நான் நிறுத்தல."

இதற்கு அவள் கேட்கவில்லை என்று சொல்லவில்லை.  பதாகையை மடித்தாள். "சரி" என்று மட்டும் சொன்னாள். அது என்ன சரி என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நர்ஸ் வந்தபோது மனைவி பதாகையை அப்படியே நீட்டினாள்.

"இது இப்படியே தொங்கட்டும்மா."

"அம்மா, பிசிறு தெரியுதே. எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். பக்கத்துல அவரை நிறுத்தி வை. அவர் சொல்லுவார். மைக் மட்டும் குடுத்துடாதே."

கண்காட்சியன்று ஹலோ பதாகைக்குக் கீழே நின்றார். பலர் பார்த்தும் பார்க்காமலும் கடந்துபோனார்கள். நாற்காலிப் போராட்டத்தில் கிடைத்த முதல் நாற்காலியை ஒரு மூலையில் வைத்து, 'உட்காரக் கூடாது' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். அவருடைய மனைவி அதில் சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். எழுப்ப யாருக்கும் துணிவில்லை.

சட்டைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சின்னப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இது ஏன் தோழர் பாதியில நிக்குது?"

மழை என்ற வார்த்தை பழக்கதோஷத்தில் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. செருமக்கூடப் பயந்து, வார்த்தை வார்த்தையை மிதிக்க மிதிக்க, எங்கும் நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தார்.